ஜார்ஜ் டவுன் கடைவீட்டில் நான்கு இரவுகள்

முதல் இரவு, மணி இரண்டு இருக்கும். விழித்துப் பார்த்தால் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு நேர் கீழே தெருவில் யாரோ பாட, நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"தூங்கலையாம்மா?"

"நீ தூங்கு. நான் விமானத்துலயே தூங்கிட்டேன்."

விமானத்தில் அவள் கண்ணை மூடவே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த எனக்குத் தெரியாதா? என் மனம் நோகக் கூடாதென்று சொன்னாள். அந்த அறையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான்.

பினாங்குக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அவளுடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போய், அங்கே ஒரு மளிகைக் கடையில் பல வருடம் வேலை பார்த்தவர். திரும்பி வந்த பிறகும் 'கடைத்தெரு', 'அஞ்சடி' என்று அந்த ஊர்ப் பேச்சு அவர் வாயில் இருந்ததாம். அதைக் கேட்டு வளர்ந்தவள் அம்மா. அவளுக்கு இப்போது 68 வயது, வலது முட்டியில் தேய்மானம். இன்னும் தள்ளிப்போட்டால் நடக்காது என்று தோன்றியதால் நான்கு இரவுக்குத் திட்டம் போட்டேன். தாத்தா நடந்த தெருக்களுக்கு நடுவிலேயே தங்க வேண்டும், கடற்கரைப் பக்கம் இருக்கும் பெரிய ஹோட்டல்கள் வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய நகரப் பகுதியில் நல்ல தங்குமிடம் தேடினால் முக்கால்வாசி கடைவீடுகளாகத்தான் வரும். கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து 'பூட்டிக்' (boutique) எனப்படும் சிறிய, அலங்காரமான ஹோட்டல்களாக மாற்றியிருக்கிறார்கள். நான் பிடித்தது லெபு சூலியாவை (லெபு என்றால் மலாயில் தெரு) ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. மூன்று கடைவீடுகளை உள்ளுக்குள் இணைத்திருந்தார்கள். மொத்தம் 14 அறைகள், ஓர் இரவுக்கு 340 ரிங்கிட். ஆத்தங்குடிக் கல் மாதிரி பூப்போட்ட தரை, பச்சை வண்ணம் பூசிய இலைக்கதவுச் சன்னல், பழைய மர அலமாரி, பித்தளைக் குழாய். படத்தைப் பார்த்தவுடனே பணம் கட்டிவிட்டேன். பார்த்த பன்னிரண்டு படங்களில் எட்டு படம் வரவேற்பறையும் முற்றமும் என்பது அப்போது உறைக்கவில்லை. நாம் தூங்கப்போவது அறையில்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு எங்கேயாவது உதவும்.

சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, காலையில் பினாங்கில் இறங்கினோம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போவதால் உடம்புக்கு விடியற்காலை, அங்கே வெயில் ஏறிவிட்டது. விமான நிலையம் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் இருக்கிறது. அங்கிருந்து வாடகைக் கார் எடுத்து நகரத்துக்குள் வந்தால், சந்துக்குள் வண்டி நிற்க இடமில்லை. ஒருவழித் தெரு, பின்னால் ஹாரன். பெரிய தெரு முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம்.

அப்போதுதான் தாத்தாவின் 'அஞ்சடி' என்னவென்று இருவருக்கும் புரிந்தது. கடைவீட்டின் மேல்மாடி முன்னால் நீண்டு வந்து, அதன் அடியில் நிழலாக ஒரு நடைபாதை. ஐந்தடி அகலம் என்பதால் அந்தப் பெயர். சிங்கப்பூர் நகரத்துக்கு ராஃபிள்ஸ் 1822-இல் திட்டம் வகுத்தபோது ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் இப்படி ஒரு கூரையிட்ட நடை இருக்க வேண்டும் என்று வைத்தார். பிறகு மலாயா நகரங்கள் எங்கும் அது வழக்கமாகிவிட்டது. வெயிலுக்கும் திடீர் மழைக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் மட்டத்துக்குத் தரை போட்டிருக்கிறார்கள். பத்தடிக்கு ஒரு படி ஏற்றம், ஒரு படி இறக்கம். நடுவில் மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி, கடைச் சாமான். அங்கே தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஓரத்தில் ஆழமான சாக்கடை வேறு. பெட்டியின் சக்கரத்தை நம்ப வேண்டாம். தூக்கி நடக்கும் எடையில் பெட்டி இருந்தால்தான் இந்த ஊரில் நிம்மதி.

ஹோட்டல் வாசலில் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். "வாங்க ஆன்ட்டி, படி பாத்து ஏறுங்க," என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே பாதிக் களைப்பு போயிற்று. அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். இது முன்பே தெரியும், இருந்தாலும் இரவெல்லாம் விழித்து வந்த வயதான மனுஷிக்கு ஆறு மணி நேரம் சோபா எவ்வளவு நீளமானது என்று யோசிக்கவில்லை. பதினான்கு அறை மட்டுமே உள்ள இடத்தில், முந்தைய நாள் ஆள் இருந்த அறையைச் சுத்தம் செய்து முடிக்காமல் மாற்று அறை கொடுக்க அவர்களிடம் எதுவும் இருக்காது. காலை விமானத்தில் இறங்குகிறவர்கள், கூட வயதானவர் இருந்தால், முந்தின இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுவது நல்லது. நான் அடுத்த முறை அப்படித்தான் செய்வேன்.

பதிவின்போது கட்டிய தொகைக்கு மேல் மூன்று விஷயங்களுக்குப் பணம் கேட்டார்கள். வெளிநாட்டவர்களிடம் 2017 முதல் வாங்கும் சுற்றுலா வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். பினாங்கு மாநிலத்துக்கென்று தனியாக ஒரு சிறு தொகை. பிறகு, திரும்பக் கிடைக்கும் முன்பணம் 100 ரிங்கிட். எல்லாம் சரியானவைதான். ஆனால் கையில் உள்ளூர்ப் பணம் இல்லாமல் நின்றேன். கொஞ்சம் ரிங்கிட்டை விமான நிலையத்திலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அறை முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. மரப் படிக்கட்டு பழையது, செங்குத்தாக ஏறியது, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. அம்மா ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினாள். மேலே போய்க் கதவைத் திறந்தால் படத்தில் இருந்தது அப்படியே இருந்தது. இலைக்கதவைத் தள்ளியதும் தெரு முழுவதும் கண்முன். எதிர்வரிசை ஓட்டுக் கூரை, அதற்கு மேல் வானம். அம்மா ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

குளியலறைக்குச் சுவர் இல்லை. கண்ணாடித் தடுப்பு, அதுவும் பாதிக்கு மேல் தெளிவான கண்ணாடி. தேனிலவு வந்தவர்களை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தாயும் மகளும், அண்ணனும் தம்பியும், இரண்டு தோழிகளும் தங்க வருவார்கள் என்ற நினைப்பே அதில் இல்லை. நான்கு நாளும் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் கீழே போய் உட்கார்ந்திருந்தோம். இந்த வகை ஹோட்டல்களில் இது அபூர்வம் அல்ல. குளியலறைக்குக் கதவு இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். தண்ணீர்ப் பீச்சு குழாய் மலேசியாவில் அநேகமாக எங்கும் இருக்கும், அந்தக் கவலை இல்லை. வாளியும் குவளையும் கேட்டதும் கொடுத்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. லெபு சூலியாவும் அதை ஒட்டிய லவ் லேனும் வார இறுதி இரவுகளில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளிநாட்டுப் பயணிகள் கூடும் மதுக்கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. ஊரின் நடுவில் தங்குவது என்றால் ஊரின் சத்தத்திலும் தங்குவதுதான். அழகான இலைக்கதவு காற்றை விடுவதற்காகச் செய்தது, சத்தத்தைத் தடுப்பதற்கு அல்ல. உள்ளே போட்டிருந்த கண்ணாடியும் ஒற்றைக் கண்ணாடி. போதாக்குறைக்கு மேல்மாடிக்காரர் நடப்பதெல்லாம் தலைக்கு மேல் கேட்டது.

மறுநாள் காலை கீழே போய்ப் பேசினேன். கோபமாகப் பேசவில்லை. அம்மா தூங்கவில்லை, முட்டி வலி, வேறு அறை இருந்தால் உதவியாக இருக்கும் என்றேன். அந்தப் பெண் உடனே சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, "வாங்கக்கா, நீங்களே பாருங்க," என்று காலியாக இருந்த இரண்டு அறைகளையும் திறந்து காட்டினாள். அந்தப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம்.

கடைவீடு என்பது முன்னால் குறுகி உள்ளே நீளும் வீடு. இரு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மரத்துலாம் போட்டு, அதன் மேல் பலகை அடித்து மாடி கட்டினார்கள். மரம் எவ்வளவு நீளம் கிடைக்குமோ அதுதான் வீட்டின் அகலம். பக்கவாட்டில் சன்னல் வைக்க முடியாது. எனவே வெளிச்சமும் காற்றும் வர நடுவில் வானம் பார்த்த முற்றம் விட்டார்கள், நம் ஊர் வீடுகளில் இருப்பது போலவே. சூடான காற்று அதன் வழியே மேலே போகும், மழை உள்ளே விழுந்து வடிகாலில் ஓடும். இதைப் புரிந்துகொண்டால், அத்தகைய ஹோட்டலில் எந்த அறை எப்படி இருக்கும் என்பதைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். தெருப் பக்க அறைக்கு வெளிச்சம், காட்சி, சத்தம் மூன்றும் சேர்ந்து வரும். முற்றத்தைப் பார்த்த அறை அமைதியாக இருக்கும். ஆனால் சன்னலைத் திறந்தால் நடமாடுகிறவர்கள் உள்ளே பார்ப்பார்கள், காலைச் சிற்றுண்டிச் சத்தமும் கேட்கும். பின்கோடி அறை எல்லாவற்றையும்விட அமைதி, ஆனால் சில வேளை இருட்டு, ஈரம். மாடிக்குக் கீழே உள்ள எந்த அறையிலும் தலைக்கு மேல் பலகை பேசும். உச்சி மாடியில் அந்தத் தொல்லை இல்லை, படிதான் இரட்டிப்பு.

முதலில் காட்டிய பின்கோடி அறையில் காலை வைத்ததுமே ஒரு புழுக்க வாசனை. கட்டிலுக்குப் பின்னால் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து வண்ணம் பொருக்கு தட்டியிருந்தது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் மெல்ல வெளியேறிவிடும். அதன் மேல் சிமென்ட்டைப் பூசி, பளபளப்பான பெயின்டையும் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இப்படித்தான் வெடித்துக்கொண்டு வரும். பழுதுபார்க்கும்போது எங்கே பணத்தை மிச்சம் பிடித்தார்கள் என்பதை வரவேற்பறை சொல்லாது. பின்கோடிச் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு நாள் கழித்து லெபு லீத்தில் இருக்கும், சீன வணிகர் சியோங் பாட் சீயின் நீல மாளிகையைப் பார்க்கப் போனபோது இது இன்னும் தெளிவாயிற்று. அதைப் பழைய முறைப்படியே மீட்டெடுத்து 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது வாங்கியிருக்கிறார்கள். அந்த நீலம் முழுக்கச் சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்தது. "நாம வெள்ளையடிக்கையில நீலம் போடுவோமே, அதேதான், கொஞ்சம் கூடப் போட்டிருக்காங்க," என்று சுவரைத் தொட்டுப் பார்த்தாள் அம்மா.

இரண்டாவதாகக் காட்டியது தரைத்தளத்தில் முற்றத்தை ஒட்டிய அறை. சிறியது. வெளிச்சம் குறைவு. பூட்டிக் ஹோட்டல் என்று சொல்லி யாரும் இதைப் படம் எடுத்துப் போடமாட்டார்கள். படி இல்லை, ஈர வாசனை இல்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது போதும்," என்றாள். வாடகையில் 60 ரிங்கிட் குறைவு என்று அந்தப் பெண்ணே சொல்லி, மீதி மூன்று இரவுக்கும் கணக்கைத் திருத்தினாள். கேட்காமலே செய்தாள். பெரிய ஹோட்டலில் இதற்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிறிய இடத்தின் பலம் இதுதான். முகம் பார்த்துப் பேசுகிற ஒரே ஆளிடம் முடிவெடுக்கும் உரிமையும் இருக்கிறது.

அன்று இரவு மழை பிடித்தது. முற்றத்தில் ஓட்டு விளிம்பிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் இறங்கும் சத்தம் அறைக்குள் நிறைந்தது. திரையை விலக்கி வைத்துக்கொண்டு இருவரும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். "எங்க தாத்தா வீட்டு முத்தத்துல அண்டாவ வெச்சுப் பிடிப்போம்," என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலைச் சிற்றுண்டியோடு சேர்த்து அறை பிடிக்க வேண்டாம். சில நிமிட நடையில் லிட்டில் இந்தியா. லெபு பாசாரிலும் லெபு பினாங்கிலும் தோசையும் அப்பமும் காலையிலேயே கிடைக்கும். ஹோட்டலில் கொடுத்த ரொட்டியை அம்மா தொடவே இல்லை. வெளியே சுற்றுவதற்கு, நகரின் நடுப்பகுதியை வலம் வரும் இலவசப் பேருந்து இருக்கிறது, 'கேட்' (CAT) என்கிறார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அது வரம்.

நடுவில் தங்கியதன் அருமை நடக்கும்போதுதான் தெரிந்தது. ஒரே தெருவிலும் அதை ஒட்டியும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. லெபு குயினில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். அம்மா மூன்று நாளும் காலையில் அங்கே போனாள். களைத்தால் ஹோட்டலுக்கு வந்து அரை மணி நேரம் காலை நீட்டிவிட்டு மறுபடி கிளம்பலாம். தொலைவில் தங்கியிருந்தால் இது நடந்திருக்காது. நான் கொடுத்த வாடகை உண்மையில் அந்த அரை மணி நேரங்களுக்குத்தான்.

லெபு பாசாரில் தேநீர் குடித்த கடையில் ஒரு பெரியவர் எங்கே தங்கியிருக்கிறோம் என்று கேட்டார். சொன்னோம். அந்த வரிசையில் தனக்குத் தெரிந்த நான்கு குடும்பங்கள் இருந்தன என்றார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பழைய வாடகையிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி அந்தக் கட்டுப்பாடு விலகியது. வாடகை ஏறியது, தையல்காரரும் தட்டாரும் சிறு வியாபாரிகளும் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபின் அந்த வீடுகளுக்கு ஹோட்டல்களும் காபிக் கடைகளும் வந்தன. "வீடு பொழைச்சது, ஆளு போயிட்டாங்க," என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

அன்றிரவு பூப்போட்ட தரையில் நடக்கும்போது எனக்குக் கால் கூசியது. அங்கே தங்கியது தவறு என்று நான் நினைக்கவில்லை. கூரை ஒழுகி விழுவதைவிட யாராவது பராமரிப்பது மேல். ஆனால் அதன் பிறகு, கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இன்னும் அங்கே மிஞ்சியிருப்பவர்களுக்குப் போக வேண்டும் என்று கவனமாக இருந்தேன். துணியை ஹோட்டலில் போடாமல் சந்து முனைச் சலவைக் கடையில் போட்டேன். அம்மாவின் செருப்பு அறுந்தபோது ஐந்தடியில் உட்கார்ந்திருந்தவரிடம் தைத்தோம். பின்னிரவில் திரும்பினால் பேசாமல் நடந்தோம், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு குடும்பம் தூங்குகிறது.

ஊர் திரும்பியதும் என் கைபேசியில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட இடம் எதுவானாலும் பணம் கட்டும் முன் இதையே அனுப்புகிறேன்: "நாங்கள் தாயும் மகளும், அம்மாவுக்கு முட்டி வலி. படி ஏறாத அறை இருக்கிறதா? சன்னல் தெருவைப் பார்க்கிறதா, முற்றத்தைப் பார்க்கிறதா? சன்னலே இல்லாத அறையா? குளியலறைக்குக் கதவு உண்டா? தெருவில் இரவு எத்தனை மணி வரை சத்தம் இருக்கும்? கார் வாசல் வரை வருமா? அந்த அறையின் படம் மட்டும் அனுப்ப முடியுமா?" ஒரு நாளுக்குள் நேரடியான பதில் வந்தால் அந்த இடத்தை நம்பலாம். வரவேற்பறைப் படத்தையே திரும்ப அனுப்பினால் விட்டுவிடுகிறேன்.

கடைசி நாள் காலை பெட்டி கட்டி முடித்ததும் அம்மா அந்தப் பெண்ணிடம், "அந்த மாடி ரூம்ல ஆள் இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றதும், ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று தானே மெல்ல மெல்லப் படி ஏறினாள். நான் பின்னால் போனேன். இலைக்கதவைத் தள்ளித் திறந்து, கையைச் சட்டத்தில் ஊன்றி நின்றாள். தெரு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எதிர் ஐந்தடியில் ஒருவர் கடைப் பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பலகையையும் அவர் கழற்றி முடிக்கும் வரை அம்மா நகரவில்லை.